மூடிக்கு அடியில் ஒரு துண்டு

ஸ்லோ குக்கரில் பிரெஞ்ச் டோஸ்ட் காஸரோல் வைக்கப்போகிறேன் என்று யார் போன் செய்தாலும், நான் முதலில் கேட்பது "வீட்டில் மெல்லிய பருத்தித் துண்டு இருக்கிறதா?" என்றுதான். முட்டை எத்தனை, பால் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். கண்ணாடி மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே அந்தத் துண்டு இல்லையென்றால், மற்றதை எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் பலனில்லை.

குக்கர் சூடாக ஆக, பாலில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி மேலே போகும். மூடியில் பட்டுக் குளிர்ந்து, முத்து முத்தாகத் திரண்டு, திரும்பக் கீழேயே சொட்டும். பீன்ஸோ இறைச்சியோ வேகும்போது இது நல்லதுதான். ஊற்றிய தண்ணீர் வற்றாது, அடிபிடிக்காது. ஸ்லோ குக்கரின் சாமர்த்தியமே அதில்தான் இருக்கிறது. ஆனால் முட்டையும் பாலும் குடித்த பிரெட்டின் மேல் மூன்று மணி நேரம் சொட்டிக்கொண்டே இருந்தால், மேல்பரப்பு சொதசொதவென்று வெளிறிக் கிடக்கும். இட்லிப் பானையின் மூடி ஏன் அப்படிக் கவிந்திருக்கிறது என்று யோசித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஆவிநீர் நடுவில் சொட்டாமல் மூடியின் சரிவிலேயே வழிந்து ஓரத்துக்குப் போய்விட வேண்டும். ஸ்லோ குக்கர் மூடிக்கு அந்தச் சரிவு போதாது. அந்தக் குறையைத் துண்டு ஈடுகட்டுகிறது. மூடியின் கீழே அதை இழுத்துப் பிடித்தாற்போல விரித்து, நாலு முனையையும் மேலே தூக்கிக் கைப்பிடியில் முடிந்துவிட வேண்டும். முனைகளைத் தொங்க விட்டால் சூடான வெளிப்புற உறையில் படும். நடுவில் தொய்வாக இருந்தால் பிரெட் பொங்கி எழும்போது துணியில் ஒட்டிக்கொள்ளும்.

துண்டோடு முடிவதில்லை இந்தக் கதை. பிரெட்டைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து மறுநாள் மிச்சத்தைச் சூடாக்குவது வரை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பதுதான் இதன் மொத்த வேலையும். சர்க்கரை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

நான் இருப்பது ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்துக்குக் கிழக்கே. கிறிஸ்துமஸ் காலை, ஈஸ்டர் ஞாயிறு, உறவுக்கூட்டம் வந்து தங்கும் வார இறுதி என்றால் இங்கே பல வீடுகளில் காலை உணவு காஸரோல்தான். பிரெட்டைத் துண்டுபோட்டு, முட்டை, பால், சர்க்கரை கலந்ததில் ஊறவைத்து, ஒரே பாத்திரத்தில் மொத்தமாக வேகவிடுவது. சாதா பிரெஞ்ச் டோஸ்ட் என்றால் அடுப்பின் முன்னால் நின்று ஒவ்வொரு ஸ்லைஸாகப் போட்டுக்கொடுத்து, கடைசியில் ஆறிப்போன ஒன்றை அடுப்பங்கரையில் நின்றபடியே தின்ன வேண்டியிருக்கும். தோசை வார்க்கிறவர்களுக்கு இந்தத் தலையெழுத்தை விளக்க வேண்டியதில்லை. காஸரோலில் எல்லோரும் ஒன்றாக உட்காரலாம். வழக்கமாக அதை ஓவனில் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் முக்கால் மணி நேரம் வைப்பார்கள். பண்டிகை நாளில் ஓவனை ஹாமோ வான்கோழியோ பிடித்துக்கொள்ளும் என்பதால்தான் இந்தப் பதார்த்தம் ஸ்லோ குக்கருக்கு இடம்பெயர்ந்தது. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் பாட்லக் விருந்துக்கு என்றால் இன்னும் சௌகரியம்: குக்கரோடு தூக்கிக்கொண்டு போய் அங்கே பிளக்கில் மாட்டிவிட்டால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓவனில் வரும் மொறுமொறுப்பு இதில் வராது. வரும் என்று ஆசை காட்டும் குறிப்புகளை நான் நம்புவதில்லை. பண்டம் சிவந்து மொறுகலாக வேண்டுமென்றால் அதன் மேல்பரப்பு காய்ந்து, 140 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு ஏற வேண்டும். ஆவி சூழ்ந்த பாத்திரத்துக்குள் கொதிநிலையையே தாண்ட முடியாதபோது அது எப்படி நடக்கும்? இதில் வருவது வேறு ஒன்று. நடுவில் பிரெட் புட்டிங்குக்கு நெருக்கமான மென்மை. பீங்கான் சுவரை ஒட்டிய இடத்தில் மட்டும் தண்ணீர் வற்றி, சர்க்கரையும் வெண்ணெயும் சேர்ந்து பழுப்பேறிய ஒரு விரல் அகல ஓரம். எங்கள் வீட்டில் முதலில் தீர்வது அந்த ஓரம்தான்.

இந்தக் குக்கர் பிறந்ததோ வேறு காரியத்துக்கு. சிகாகோவில் இர்விங் நாக்ஸன் என்று ஒரு யூதக் கண்டுபிடிப்பாளர் இருந்தார். அவருடைய அம்மா லித்துவேனியாவில் வளர்ந்தவர். அங்கே வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பீன்ஸ், கிழங்கு, இறைச்சி போட்ட 'சோலன்ட்' பானையைப் பேக்கரி அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். யூதர்களின் ஓய்வுநாளான சப்பாத் தொடங்கிவிட்டால் நெருப்பு மூட்டக் கூடாது, சமைக்கவும் கூடாது. அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே பானை இரவெல்லாம் கிடந்து மறுநாள் மதியத்துக்குச் சுடச்சுட வந்து சேரும். அம்மா சொன்ன இந்தக் கதைதான் மகனுக்குப் பொறி தட்டியது. 1936-இல் விண்ணப்பித்து, 1940-இல் காப்புரிமை பெற்றார். 1970-இல் கான்சாஸ் சிட்டியைச் சேர்ந்த ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கியது. அவர் 'பீனரி' என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்த பீன்ஸ் வேகவைக்கும் கருவிக்குப் புது உருவம் கொடுத்து, 1971-இல் 'கிராக்-பாட்' என்று கடைக்குக் கொண்டுவந்தது. காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போய் மாலையில் வந்து சாப்பிடலாம் என்ற விளம்பரம், வேலைக்குப் போகும் பெண்கள் பெருகிக்கொண்டிருந்த காலத்தோடு சரியாகப் பொருந்தியது. 1975-இல் வந்த மேபல் ஹாஃப்மனின் 'கிராக்கரி குக்கரி' என்ற சமையல் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது.

ஆக, அடங்காத பீன்ஸையும் முற்றிய இறைச்சியையும் எட்டு மணி நேரம் வைத்து வழிக்குக் கொண்டுவரப் பிறந்த கருவி இது. அதில் முட்டைப்பாலை உறையவைப்பது அதன் சுபாவத்துக்கு எதிராகப் போவது. 'லோ' என்றால் குறைந்த சூடு, 'ஹை' என்றால் அதிகச் சூடு என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலான குக்கர்களில் இரண்டும் கடைசியில் போய் நிற்கிற இடம் ஒன்றுதான்: கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, சுமார் 209 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 98 டிகிரி செல்சியஸ். எவ்வளவு நேரத்தில் அங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் வித்தியாசம். பாலும் சர்க்கரையும் கலந்த முட்டை 80 டிகிரி செல்சியஸை ஒட்டி உறையும். 85-ஐத் தாண்டிவிட்டால் முட்டையின் புரதம் இறுகி, பிடித்துவைத்திருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். குக்கர் 98-க்குப் போகத் துடிக்கிறது. நமக்கு வேண்டியதோ 80. ஏறுகிற வழியிலேயே பிடித்து நிறுத்த வேண்டும். 'லோ'வில் வைத்தால் அந்த வழி நீளும், பிடிக்க அவகாசம் கிடைக்கும். 'ஹை'யில் இரண்டு மணி நேரத்தில் ஆகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் நடுப்பகுதி உறைவதற்குள் ஓரம் பொரியலாகிவிடுகிறது. அடியில் மஞ்சளாகத் தண்ணீர் தேங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த தடவை பாலைக் குறைக்கிறவர்கள் உண்டு. குறைக்க வேண்டியது நேரத்தை.

இனி பிரெட்டுக்கு வருகிறேன். இதில்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

கிளீவ்லாந்து ஹைட்ஸ், பீச்வுட் வட்டாரத்தில் யூதக் குடும்பங்கள் அதிகம். வெள்ளிக்கிழமை காலையில் பேக்கரிகளில் ஹாலா அடுக்கிவைத்திருப்பார்கள். ஜடை பின்னி, மேலே முட்டை தடவிச் சுட்டு, பளபளவென்று கிடக்கும். மாவிலும் முட்டை உண்டு; வெண்ணெய் கிடையாது, எண்ணெய்தான். இறைச்சியையும் பால் பண்டத்தையும் ஒரே வேளையில் சேர்க்கக் கூடாது என்பது அவர்கள் ஆசாரம் என்பதால், எந்த விருந்திலும் வைக்கும்படி பால் படாமல் செய்வது வழக்கம். பக்கத்து வீட்டுப் பாட்டி வீட்டில் வெள்ளி இரவு மிஞ்சிய ஹாலா ஞாயிறு காலை பிரெஞ்ச் டோஸ்ட் ஆகிவிடும். சோலன்ட் பானையும் ஹாலாவும் ஒரே சப்பாத் மேஜையைச் சேர்ந்தவை. அந்தப் பானையிலிருந்து குக்கர் வந்தது. அந்தக் குக்கரில் இந்த இனிப்புக்கு ஹாலாவைவிட நல்ல பிரெட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. நார்நாராகப் பிரியும் அதன் உள்பாகம் நன்றாக உறிஞ்சும், உறிஞ்சினாலும் கரையாது. பிரியோஷும் நல்லதுதான், ஆனால் அதிலுள்ள வெண்ணெய் குக்கரின் நீண்ட சூட்டில் உருகி வெளியே வந்து கொஞ்சம் திகட்டவைக்கும். பாக்கெட்டில் வரும் சாண்ட்விச் பிரெட் கூழாகிவிடும். புளித்த மாவு பிரெட்டின் புளிப்பு பாலோடு சேராது. தகர டப்பாவைத் தட்டித் திறக்கும் பச்சை சினமன் ரோல் மாவை வெட்டிப்போட்டு முட்டையை ஊற்றும் ஒரு முறை இங்கே பிரபலம். வெளியே வெந்து உள்ளே மாவு வழவழக்கும் அந்தத் தித்திப்பை நான் ஒரு வாய்க்கு மேல் சாப்பிட்டதில்லை.

பழைய பிரெட் என்று எல்லாக் குறிப்புகளும் சொல்கின்றன. பழசாவது வேறு, காய்வது வேறு. பையில் கட்டி இரண்டு நாள் வைத்த பிரெட் விறைத்துப்போயிருக்கும். மாவுச்சத்து திரும்ப இறுகிக்கொள்வதால் வரும் விறைப்பு அது. தண்ணீர் பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும். நமக்கு அந்தத் தண்ணீர் வெளியேற வேண்டும். அது காலி செய்கிற இடத்தில்தான் பாலும் முட்டையும் குடியேற முடியும். அதனால் நான் பழசாகக் காத்திருப்பதில்லை. ஹாலாவை ஓர் அங்குலக் கட்டிகளாகக் கையால் பிய்த்து (கத்தியால் வெட்டினால் முகம் வழுவழுப்பாகி உறிஞ்சுவது குறைகிறது என்பது என் எண்ணம்), அகலத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, 300 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் இருபது நிமிடம் போல வைப்பேன். நடுவில் ஒரு தரம் புரட்டிவிட வேண்டும். நிறம் மாறக் கூடாது. தட்டைக் குலுக்கினால் முதலில் சத்தமே வராது. காயக் காய சலசலக்கும். அப்புறம் கலகலவென்று தட்டில் உருளும். அந்தக் கலகல கேட்டதும் ஒன்றை எடுத்து அழுத்திப் பார்க்க வேண்டும். வெளியே ரஸ்க்காட்டம் இருந்து, உள்ளே நகக்கண் அளவு மட்டும் அமுங்க வேண்டும். முழுக்க ரஸ்க்காகிவிட்டால் ஊறினாலும் நடுவில் ஒரு முடிச்சு நிற்கும். தட்டைத் தூக்கும்போதே எடை இறங்கியிருப்பது கைக்குத் தெரியும்.

ஆறு குவார்ட் முட்டை வடிவக் குக்கருக்கு 450 கிராம் ஹாலா ஒன்று, எட்டு முட்டை, 600 மில்லி பால். அந்தப் பாலில் கால் பங்கு இங்கே 'ஹாஃப் அண்ட் ஹாஃப்' என்று விற்கும் பாலும் கிரீமும் கலந்தது. அரைக் கப் பிரௌன் சுகர், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு மேஜைக்கரண்டி வெனிலா, ஒன்றரை டீஸ்பூன் பட்டைத்தூள், ஜாதிக்காய் நாலு உரசல். உப்பை விடக் கூடாது. அது இல்லாமல் முட்டைதான் நாக்கில் நிற்கும்.

பட்டைத்தூளைப் பாலில் கொட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நனையாது. மேலேயே மிதக்கும், கலக்கக் கலக்கக் கிண்ணத்தின் விளிம்பில் பழுப்புக் கோடாகப் போய் ஒட்டிக்கொள்ளும், கடைசியில் ஊற்றும் வாய்க்கு மொத்தமும் போய்ச் சேரும். முதலில் சர்க்கரையோடு உலர்வாகவே கலந்துவிட்டு, அதில் முட்டையை உடைத்து ஊற்றி அடித்தால் அடங்கிவிடும். பால் அதற்கப்புறம். அமெரிக்கக் கடைகளில் பட்டை என்று விற்பது பெரும்பாலும் காசியா. இந்தோனேசியாவிலிருந்தோ வியட்நாமிலிருந்தோ வருவது, காரம் தூக்கல். நான்கு மணி நேரச் சூட்டுக்கு அதுதான் தாங்குகிறது. இலங்கைப் பட்டையின் மென்மையான வாசனை இந்தச் சூட்டில் அமுங்கிவிடுகிறது. அதைப் பரிமாறும்போது மேலே தூவ வைத்துக்கொள்கிறேன்.

பிரௌன் சுகருக்குப் பதில் வெல்லம் போடலாமா என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். வெல்லப் பாயசத்துக்கு ஏன் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பால் சேர்க்கிறோமோ அதே காரணத்துக்காக வேண்டாம். சூட்டில் பால் திரியும். வேண்டுமானால் வெல்லத்தைப் பாகாக்கி வடிகட்டி, தட்டில் வைத்த பிறகு மேலே ஊற்றிக்கொள்ளலாம். கொஞ்சம் சுக்கும் தட்டிப் போட்டால் மேப்பிள் சிரப்புக்கு அது ஒன்றும் சளைத்ததில்லை.

முதல் நாள் இரவே ஊறவைப்பது என் வழக்கம், ஆனால் குக்கரின் பீங்கான் சட்டியில் அல்ல. அதை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு எடுத்தால், கனத்த பீங்கான் பிடித்துவைத்திருக்கும் குளிர் போகவே ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரமெல்லாம் முட்டையும் பாலும் வெதுவெதுப்பில் கிடக்கும். 40-க்கும் 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி வேகமாகப் பெருகும். குளிர்ந்த பீங்கானைச் சூடான உறையில் வைத்தால் விரிசல் விடும் ஆபத்தும் உண்டு. ஆகவே வேறு பாத்திரத்தில் ஊறவைத்து, காலையில் மாற்றிக்கொள்வேன். இதே காரணத்தால், டைமர் வைத்து 'நடு இரவில் தானே ஆன் ஆகட்டும்' என்று கலவையைக் குக்கரில் ஊற்றிவிட்டுப் படுப்பது ஆகாது. முட்டை, பால் சேர்ந்த எதுவும் சாதாரண சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க விவசாயத் துறையின் விதி. இரவில் ஆன் செய்துவிட்டுத் தூங்கி எழுந்தால் காலைச் சாப்பாடு தயார் என்பதும் இந்த இனிப்புக்குச் சரிப்படாது. எட்டு மணி நேரத்தில் அது புழுங்கிக் கருகியிருக்கும். விடியற்காலையில் எழத்தான் வேண்டும். ஐந்தரைக்கு வைத்தால் ஒன்பதரைக்குச் சாப்பிடலாம்.

சூடு அடியிலிருந்து வருவதாக நினைத்துக்கொண்டிருப்போம். பெரும்பாலான குக்கர்களில் சூட்டுக்கம்பி பக்கவாட்டில்தான் சுற்றியிருக்கிறது. குமிழுக்கு எதிர்ப்புறம், பின்பக்கம், கூடுதலாகக் காயும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் அலுமினியத் தாளை ஐந்தாறு மடிப்பாக மடித்து ஒரு கை அகலப் பட்டையாகச் சுவரில் சாய்த்துவிட்டு, சட்டி முழுக்க வெண்ணெய் தாராளமாகத் தடவி, ஊறிய பிரெட்டைப் போடுவேன். அழுத்தக் கூடாது. இடைவெளிகள் இருந்தால்தான் ஆவி வெளியேற வழி கிடைக்கும். பிறகு துண்டு, மூடி.

மூன்று மணி நேரம் வரை மூடியைத் தொடாமலிருப்பது பெரிய தவம். ஒரு தடவை திறந்தால் போன சூட்டைத் திரும்பப் பிடிக்க இருபது நிமிடத்துக்குமேல் ஆகும். மூக்கு வேலை செய்யட்டும். முதலில் பச்சைப் பால் மணம், அப்புறம் பட்டை, பிறகு சட்டென்று சர்க்கரை முறுகும் மணம் வரும். ஓரம் சுவரை விட்டு விலகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது திறந்து, நடுவில் தெர்மாமீட்டர் குத்திப் பார்க்க வேண்டும். 160 டிகிரி ஃபாரன்ஹீட் ஆகியிருந்தால் முட்டை பாதுகாப்பானது. நான் 170-ஐத் தாண்டியதும் நிறுத்துவேன். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் சட்டியை லேசாக அசைத்துப் பாருங்கள். நடுப்பகுதி ஒரு தடவை குலுங்கி நிற்க வேண்டும், அலையடிக்கக் கூடாது. நிறுத்திய பிறகும் பீங்கானின் சூடு கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டேயிருக்கும். 'வார்ம்' என்று இருக்கும் குமிழை நம்பி முட்டைக் காஸரோலை மணிக்கணக்கில் விட்டால், அந்த மெல்லிய சூடே அதை இறுக்கித் தண்ணீர் விடவைத்துவிடும். ஈரத்துண்டோடு மூடியை எடுத்துவிட்டு, கால் மணி நேரம் திறந்தே வையுங்கள். பொங்கியிருந்தது ஒரு விரற்கடை இறங்கும், மேலே படிந்திருந்த ஈரமும் போகும்.

மொறுமொறுப்புக்கு ஏங்குகிறவர்களுக்காக பீக்கன் பருப்பு. அதை உள்ளே போட்டு வேகவைத்தால் அவித்த வேர்க்கடலைதான். தனியாக வாணலியில் வெண்ணெய், பிரௌன் சுகர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பிரட்டி, காகிதத்தில் கொட்டி ஆறவிட்டு, தட்டில் பரிமாறும் கணத்தில் தூவ வேண்டும். பிறகு மேப்பிள் சிரப். எங்களுக்குக் கிழக்கே ஜியாகா கவுன்ட்டியில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மரங்களிலிருந்து சாறு இறக்குவார்கள். நாற்பது லிட்டர் சாறு கொதித்து வற்றினால் ஒரு லிட்டர் சிரப். சார்டன் ஊரில் அதற்கென்று 1926-இலிருந்து திருவிழாவே நடக்கிறது. கரும்பழுப்பு ரகத்தின் காட்டமான ருசி எனக்குப் பிடிக்கும். வெளிர்நிற ரகம் இந்தப் பட்டையின் முன்னால் எடுபடாது. சிலர் சர்க்கரைக்குப் பதில் சிரப்பையே கலவையில் ஊற்றுகிறார்கள். வற்றிய பிறகும் அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஈஸ்டர் சமயத்தில்தான் கிளீவ்லாந்தில் தியாகராஜ ஆராதனையும் நடக்கிறது. 1978-இல் தொடங்கியது. கச்சேரிக்கு வருகிறவர்களும் போட்டிக்குக் குழந்தைகளைக் கூட்டிவருகிறவர்களும் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் தங்குவார்கள். பாதிப் பேர் முட்டை தொடாதவர்கள். முட்டையை மட்டும் நீக்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க முடியாது. ஹாலாவிலேயே முட்டை இருக்கிறதே, பிரியோஷிலும் உண்டு. லேபிளைப் படித்து, முட்டையில்லாத இத்தாலிய பிரெட் வாங்குவேன். உறையவைக்கக் கஸ்டர்ட் பவுடர். 1837-இல் பர்மிங்காமில் ஆல்ஃப்ரெட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகக் கண்டுபிடித்தது. நம் ஊர்க் கல்யாணப் பந்தி ஃப்ரூட் சாலட் வரை வந்துவிட்டது. அதில் இருப்பது சோளமாவு. முட்டைக்கு 80 டிகிரி போதும். சோளமாவுக்கோ 95 டிகிரி வரை போனால்தான் முழுப் பிடிப்பு வரும். குக்கரின் நடுப்பகுதி அங்கே போய்ச் சேர்வதற்குள் மாவு அடியில் தங்கிக் கட்டியாகிவிடும். அதனால் அடுப்பிலேயே பாலோடு காய்ச்சி, இரண்டு கொதி வந்து பளபளப்பேறிய பிறகுதான் பிரெட்டின் மேல் ஊற்ற வேண்டும். அரை லிட்டருக்கு மூன்று மேஜைக்கரண்டி பவுடர். ஒரு சௌகரியம், இது திரியாது. ஏழு மணிக்கு எழுகிறவருக்கும் ராத்திரிக் கச்சேரி கேட்டுவிட்டுப் பத்து மணிக்கு எழுகிறவருக்கும் 'வார்ம்' குமிழிலேயே காத்திருக்கும்.

இதற்குக் குக்கரும் தனி. பச்சை நாடா ஒட்டியது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இதை விளக்க வேண்டியே வரவில்லை. பாலுக்கும் இறைச்சிக்கும் தனித்தனிப் பாத்திரம் வைத்துப் புழங்குகிற வீடு அது. சென்ற வருடம் மயிலாப்பூரிலிருந்து வந்த மாமிக்குத்தான் சந்தேகம் தீரவில்லை.

"இதுல முட்டை இல்லியே?"

"இல்லை மாமி. பிரெட்லயும் பார்த்துத்தான் வாங்கினேன். குக்கரும் வேற."

"கரண்டி?"

"கரண்டியும் வேற மாமி."

"மூடில ஏன் துண்டைக் கட்டிவெச்சிருக்கே?"

"தண்ணி சொட்டாம இருக்க."

மாமி துண்டைத் தொட்டுப் பார்த்தார். "எங்கம்மா அந்தக் காலத்துல இட்லித் தட்டுக்கு மேல இப்படித்தான் ஒரு துணியைப் போடுவா" என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினார்.

மிஞ்சினால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ரப்பராகிவிடும். முட்டை போட்டதோ போடாததோ, இரவு ஃபிரிட்ஜில் வைத்து இறுகவிட்டு, மறுநாள் விரல் தடிமனுக்குத் துண்டுபோட்டு, தோசைக்கல்லில் நெய் விட்டு இரண்டு பக்கமும் போட்டு எடுங்கள். குக்கர் கொடுக்க மறுத்த அந்த மொறுமொறுப்பைக் கல் கொடுத்துவிடும். கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், தண்ணீர் தெளித்தால் 'சொய்ங்' என்று ஓட வேண்டும். அதற்கு முன்னால் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.